ஏட்டுத் தமிழை அச்சில் ஏற்றிய அண்டிரிக் அடிகளார்

முத்துக்குளித்தவர்கள் கொடுத்த பணத்தில் உருவான தமிழ் எழுத்துக்கள்

காலையில் எழுந்ததும் பத்திரிகையைப் பிரிக்கிறோம். வரிசை வரிசையாகத் தமிழ் எழுத்துக்கள். பெரியவர் படிக்கிறார். சிறுவன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். புதிதாகப் படிக்கக் கற்ற தாயும் தலைப்பைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்து கொள்கிறாள்.

இந்தத் தமிழ் எழுத்துக்கள் காகிதத்தில் முதன் முதலாக அச்சாகிப் புத்தகமாக வந்தது எப்போது?

1578-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 20-ந் தேதி. இடம், கொல்லம். புத்தகத்தின் பெயர், தம்பிரான் வணக்கம். மொத்தம் 16 பக்கங்கள்தான்.

இந்திய மொழிகளில் தன் சொந்த எழுத்தில் முதலில் அச்சேறிய மொழி தமிழ். அந்தப் பெருமையைத் தமிழுக்குத் தேடித் தந்தவர் ஒரு தமிழர் அல்ல. ஏழு கடல் தாண்டி வந்த ஒரு போர்த்துக்கீசியப் பாதிரியார். அவர் வாழ்ந்து மறைந்தது தூத்துக்குடிக் கடற்கரையில்!

அவருடைய பெயர் ஹென்றிக் ஹென்றீக்கஸ். அந்தப் பெயர் நம் மக்கள் வாயில் நுழையவில்லை. அண்டிரிக்கிப் பாதிரியார் என்று அழைத்தார்கள். அவரும் தம் புத்தகத்தில் அப்படியே போட்டுக் கொண்டார். தமிழறிஞர்கள் அவரை அண்டிரிக் அடிகளார் என்கிறார்கள்.

பிறப்பு ஒரு குற்றமா?

போர்த்துக்கல் நாட்டில் விலா விசோசா என்று ஓர் ஊர். 1520-ம் ஆண்டில் அங்கே பிறந்தார் அண்டிரிக். அவருடைய முன்னோர்கள் யூதர்கள்.

1497-ம் ஆண்டில் போர்த்துக்கல் மன்னன் தன் நாட்டு யூதர்களை எல்லாம் கிறிஸ்தவர்களாக மாறும்படி கட்டாயப்படுத்தினான். மாறினார்கள். மாறிய பிறகும் ஊரார் அவர்களைச் சமமாக நடத்தவில்லை. புதுக் கிறிஸ்தவர் என்று பெயர் வைத்து ஒதுக்கினார்கள். பேரன் காலத்திலும் அந்தப் பெயர் போகவில்லை.

வாலிபர் அண்டிரிக் துறவியாக விரும்பினார். பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். அவருடைய குலம் தெரிந்ததும் வெளியே அனுப்பி விட்டார்கள். படிப்பு இருந்தது. பக்தி இருந்தது. பிறப்பு மட்டும் குறுக்கே நின்றது.

அவர் மனம் தளரவில்லை. கோயம்பரா நகரில் படித்துக் கொண்டிருந்தபோது, 1545-ம் ஆண்டில், இயேசு சபையின் கதவைத் தட்டினார். அந்தச் சபை தொடங்கி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. அது அவரை ஏற்றுக் கொண்டது. மறு ஆண்டே கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 26.

முத்து விளையும் கடல்

கோவாவில் இறங்கிய அண்டிரிக், 1547-ம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பாறு, வேம்பாறு என்று கடலோரம் முழுவதும் பரதவர் ஊர்கள். தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் புன்னைக்காயல் அன்று முக்கியமான துறைமுகம்.

பரதவர்களின் செல்வம் கடலுக்கு அடியில் இருந்தது. முத்துச் சிப்பி படிந்து கிடக்கும் இடத்தைப் பார் என்பார்கள். பருவம் வந்ததும் தோணிகள் பாருக்குப் போகும். குளிப்பவர் கல் கட்டிய கயிற்றில் காலை வைப்பார். மூச்சை அடக்கிக் கொண்டு கடலில் இறங்குவார். கல்லின் கனம் அவரை அடி மட்டத்துக்கு இழுத்துக் கொண்டு போகும். கைக்கு எட்டிய சிப்பியைப் பையில் அள்ளுவார். ஒரு நிமிஷம் ஆகும்போது கயிற்றை இழுத்துச் சைகை கொடுப்பார். தோணியில் கயிறு பிடிக்கும் ஆள் அவரை மேலே தூக்குவார். கயிறு பிடிப்பவரின் கவனம் தவறினால் குளிப்பவரின் உயிர் போய்விடும். சுறா மீன் பயமும் உண்டு.

கரைக்கு வந்த சிப்பியை அழுக விடுவார்கள். பிறகு கழுவி, அரித்து, முத்துப் பொறுக்குவார்கள். ஆயிரம் சிப்பி திறந்தாலும் நல்முத்து சிலவே கிடைக்கும்.

இந்த முத்துக்காகப் பல பேர் போட்டி போட்டார்கள். வியாபாரிகள், சிற்றரசர்கள், அவர்களுடைய படைகள் என்று நாலா பக்கமும் நெருக்கடி. அதிலிருந்து தப்பப் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் துணையை நாடினார்கள். 1535-ம் ஆண்டு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-ம் ஆண்டில் சவேரியார் இங்கே வந்து தொண்டு செய்தார். அண்டிரிக் வந்தது அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின்.

மொழி தெரியாத பாதிரியார்

வந்தவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. துபாஷியை வைத்துக் கொண்டு பேசினார். தாம் சொல்வது ஒன்று, துபாஷி சொல்வது வேறு ஒன்று என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. சரிதானா என்று பார்க்க வேண்டுமானால் தமக்கே தமிழ் தெரிய வேண்டும்.

அண்டிரிக் மற்ற வேலைகளைக் குறைத்துக் கொண்டார். இரவு பகலாகத் தமிழ் படித்தார். அவருக்கு லத்தீன் இலக்கணம் நன்றாகத் தெரியும். அந்த அளவுகோலை வைத்துத் தமிழை அளந்தார். வந்தான், வருகிறான், வருவான் என்று வினைச்சொல் மாறுவதைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். பேச்சில் கேட்டதை எழுதினார். எழுதியதைப் பேசிப் பார்த்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் துபாஷி இல்லாமலே பிரசங்கம் செய்தார். கடற்கரை மக்கள் அதிசயித்தார்கள்.

சேர்த்து வைத்த குறிப்புகள் ஓர் இலக்கண நூலாக வளர்ந்தன. ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதிய இலக்கணங்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் அதுவே மிகப் பழையது. அதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் நகரில், தேசிய நூலகத்தில் இருக்கிறது. 2013-ம் ஆண்டில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது.

புலவர்களின் செய்யுள் தமிழ் அதில் அதிகம் இல்லை. கரையில் வலை உலர்த்துபவரும் சந்தைக்குப் போகிற பெண்ணும் பேசிய தமிழ் இருக்கிறது. நானூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டிமார் எப்படிப் பேசினார்கள் என்று தெரிந்து கொள்ள அது இன்று உதவுகிறது.

கைதியானார்

கடற்கரை வாழ்க்கை அமைதியாக இல்லை. 1549-ம் ஆண்டில் வேதாளையில் வடுகப் படை புகுந்தது. அங்கே இருந்த அந்தோணி கிரிமினாலி என்ற பாதிரியார் கொல்லப்பட்டார். முத்துக்குளித்துறைப் பாதிரிமாருக்கு அவர்தான் தலைவர். அவருக்குப் பிறகு யார்? உடன் இருந்தவர்கள் அண்டிரிக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். குலத்தைச் சொல்லி வெளியே அனுப்பப்பட்டவர் தலைவரானார்!

புன்னைக்காயலில் அவர் முயற்சியால் ஒரு வைத்தியசாலை ஏற்பட்டது. ஏழைகளுக்கு அங்கே சிகிச்சை நடந்தது.

1553-ம் ஆண்டில் புன்னைக்காயல் தாக்கப்பட்டது. போர்த்துக்கீசியரின் மண் கோட்டை விழுந்தது. அண்டிரிக் கைதியானார். பின்னர் விடுதலை பெற்று வந்தார். 1560-ம் ஆண்டில் மன்னார்த் தீவு போர்த்துக்கீசியர் வசமானது. புன்னைக்காயல் மக்களில் பலர் அங்கே குடியேறினார்கள். அடிகளாரும் அவர்களுடன் கடலைக் கடந்து போனார். பிறகு மறுபடியும் கரைக்கு வந்தார்.

எத்தனை அலைச்சல் வந்தாலும் ஒரு வேலையை மட்டும் அவர் விடவில்லை. தமிழில் எழுதிக் கொண்டே இருந்தார்.

ஆனால் எழுதியதை எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்? ஒவ்வொரு பிரதியையும் கையால்தான் எழுத வேண்டும். பனை ஓலையில், எழுத்தாணியால் கீற வேண்டும். ஒருவர் ஓர் ஏட்டைப் பார்த்து எழுதும்போது பிழை புகும். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதும்போது பிழை இரண்டாகும்.

கன்றுத் தோலில் எழுதிய புத்தகம்

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இருந்ததல்ல. உலகமெங்கும் இருந்தது.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் லிண்டிஸ்பார்ன் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அங்கே கி. பி. 700-ம் ஆண்டை ஒட்டி எட்பிரித் என்ற துறவி கிறிஸ்தவ வேதத்தின் நான்கு சுவிசேஷங்களையும் கையால் எழுதினார். அக்கால ஆங்கிலேயரை ஆங்கிலோ-சாக்சன்கள் என்பார்கள். கைவேலையில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அந்த ஒரு புத்தகத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட கன்றுகளின் தோல் பிடித்தது. நம் ஊர்க் கோலத்தில் கோடுகள் பின்னிக் கிடப்பது போல, எழுத்தைச் சுற்றிப் பின்னல் பின்னலாகச் சித்திரம் போட்டார்கள். பொன்னும் ரத்தினமும் பதித்து மேலட்டை செய்தார்கள். அது இன்று லண்டன் நகரில் இருக்கிறது.

ஆனால் அது லத்தீன் மொழியில் இருந்தது. சாதாரண ஜனங்களுக்குப் புரியாது. இரு நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ஆல்டிரெட் என்ற குரு அந்த வரிகளுக்கு நடுவே, ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே, ஆங்கிலச் சொல்லை எழுதினார். அழகான புத்தகத்தைக் கெடுத்தார் என்று யாரும் சொல்லவில்லை. இங்கிலீஷ் மொழியின் பழைய செல்வங்களில் ஒன்றாக அந்தச் சின்ன எழுத்துக்களை இன்று போற்றுகிறார்கள்.

இதே முறையில் 1554-ம் ஆண்டில் லிஸ்பனில் தமிழும் போர்த்துக்கீசியமும் கலந்த ஒரு ஜெபப் புத்தகம் அச்சானது. தமிழ் நாட்டிலிருந்து அங்கே போன மூன்று பேர் அதைத் தயாரித்தார்கள். பேச்சு தமிழ்தான். எழுத்து? ஐரோப்பிய எழுத்து! தமிழ் எழுத்தை வார்க்க லிஸ்பனில் ஆள் இல்லை.

கரையில் இருந்த ஜனங்கள் அதை எப்படிப் படிப்பார்கள்? அவர்களுக்குத் தெரிந்தது தமிழ் எழுத்து அல்லவா?

எழுத்து வெட்டும் கலை

1556-ம் ஆண்டில் ஓர் அச்சு இயந்திரம் கோவாவில் வந்து இறங்கியது. அது அபிசீனியா நாட்டுக்குப் போக வேண்டியது. போகவில்லை. கோவாவிலேயே தங்கி விட்டது. இந்தியாவில் அச்சுத் தொழில் இப்படித்தான் தொடங்கியது. இயந்திரம் இருந்தது. தமிழ் எழுத்து இல்லை.

ஓர் எழுத்தை உலோகத்தில் செய்வது எளிதான காரியம் அல்ல. முதலில் எஃகுக் கம்பியின் நுனியில் எழுத்தை வெட்ட வேண்டும். கண்ணாடியில் தெரிவது போல, இடம் வலமாக வெட்ட வேண்டும். அந்தக் கம்பியைச் செம்புத் துண்டின் மேல் வைத்து அடித்தால் எழுத்தின் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் ஈயக் கலவையை உருக்கி ஊற்றினால் ஓர் எழுத்துக் கிடைக்கும். ஒரு பக்கம் அச்சடிக்க அப்படி நூற்றுக் கணக்கான எழுத்துக்கள் வேண்டும். எல்லாம் ஒரே உயரமாக இருக்க வேண்டும். தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் மை சரியாகப் படியாது.

இங்கிலீஷ் மொழிக்கு 26 எழுத்து. தமிழுக்கு 247. கால், கொம்பு போன்றவற்றைத் தனியாக வார்த்துச் சேர்த்துக் கொள்ளலாம். ஆனால் கு, கூ, மு, மூ போன்றவை அப்படி ஒட்டிச் சேர்க்க முடியாதவை. ஒவ்வொன்றையும் தனித் தனியே வெட்டியாக வேண்டும்.

இந்த வேலையில் முதலில் இறங்கியவர் ஜான் கொன்சால்வஸ் என்ற இயேசு சபைச் சகோதரர். ஸ்பெயின் நாட்டவர். கைத்தொழிலில் வல்லவர். 1577-ம் ஆண்டில் கோவாவில் அவர் தமிழ் எழுத்துக்களை வார்த்தார். 1578-ம் ஆண்டில் கொல்லத்தில் ஜான் டி பாரியா என்ற பாதிரியார் எழுத்துக்களைப் புதிதாக வார்த்தார். தம்பிரான் வணக்கத்தின் கடைசிப் பக்கத்தில் கோவா எழுத்து, கொல்லம் எழுத்து இரண்டும் மாதிரிக்கு அச்சாகி இருக்கின்றன.

அந்தக் கைவினைஞர்கள் ஓலைச் சுவடியைப் பார்த்தே எழுத்து வெட்டினார்கள். ஓலையில் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துவிடும். அதனால் முதல் தமிழ்ப் புத்தகத்திலும் புள்ளி இல்லை! குறில் எகரம், நெடில் ஏகாரம் என்ற வித்தியாசமும் எழுத்தில் இல்லை. இடம் பார்த்துப் படித்துக் கொள்ள வேண்டியதுதான்.

கடலடியில் இருந்து வந்த பணம்

இவ்வளவுக்கும் பணம்? அரசன் கஜானாவைத் திறக்கவில்லை. தமிழ் அச்சு வேலைக்காக முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 400 குருசாடோ திரட்டிக் கொடுத்தார்கள். குருசாடோ என்பது போர்த்துக்கீசியர் நாணயம்.

அவர்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கொடுத்தார்கள். மூச்சை அடக்கிக் கடலடியில் தேடிய பணம், தமிழ் எழுத்தாக மாறியது. கோயிலில் ஒருவர் உரக்கப் படித்தால் ஊரே கேட்கலாம் அல்லவா?

பதினாறு பக்கம்

சவேரியார் பயன்படுத்திய சிறு ஜெபப் புத்தகத்தை அடிகளார் தமிழில் எழுதினார். மனுவேல் என்ற பாதிரியார் உதவி செய்தார். கையடக்கமான பதினாறு பக்கங்கள். அதுதான் தம்பிரான் வணக்கம். அப்போது அண்டிரிக்குக்கு வயது 58. தமிழ் கற்கத் தொடங்கி 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இங்கிலாந்தில் காக்ஸ்டன் முதல் அச்சுக்கூடம் வைத்தது 1476-ம் ஆண்டில். அதற்கு 102 ஆண்டுகள் கழித்துத் தமிழ் அச்சேறி விட்டது.

அடுத்த ஆண்டே, 1579 நவம்பர் 14-ந் தேதி, கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் வெளிவந்தது. இது நூறு பக்கத்துக்கு மேல். 1580-ம் ஆண்டில் மூன்றாவது புத்தகம். 1586-ம் ஆண்டில் அடியார் வரலாறு. புனிதர்களின் கதைகளைச் சொல்லும் இது 660 பக்கங்களுக்கு மேற்பட்ட பெரிய நூல்! அதை முடித்தபோது அடிகளாருக்கு வயது 66.

தமிழில் அப்போது பெரும்பாலும் செய்யுள்தான். உரைகாரர்களின் வசனம் புலவர்களுக்கே புரியும். அடிகளாரின் வசனத்தில் கடற்கரைப் பேச்சு அப்படியே வந்தது. போர்த்துக்கீசியச் சொற்களும் கலந்திருந்தன. அழகு குறைவு என்று பண்டிதர்கள் சொல்லலாம். கேட்டவர்களுக்குப் புரிந்தது.

தூத்துக்குடியில் அடக்கம்

அண்டிரிக் அடிகளார் தம் சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 53 ஆண்டுகள் இந்தக் கரையிலேயே உழைத்தார். 1600-ம் ஆண்டில் புன்னைக்காயலில் காலமானார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டு வந்து மாதா கோயிலில் அடக்கம் செய்தார்கள். இன்று பனிமய மாதா கோயில் என்று பெயர் பெற்று விளங்கும் கோயில், 1713-ம் ஆண்டில் எழுந்தது. அடிகளாரின் நினைவை அந்த ஊர் போற்றுகிறது.

காணாமல் போன புத்தகங்கள்

அவர் மறைந்த பின் என்ன நடந்தது?

எழுத்து வெட்டத் தெரிந்த கைகள் ஓய்ந்தன. அடுத்து வந்தவர்களுக்கு அந்தத் தொழில் போய்ச் சேரவில்லை. 1679-ம் ஆண்டில் அம்பலக்காட்டில் ஒரு தமிழ் அகராதியை அச்சடித்தபோது மரத்தில் புதிதாக எழுத்துச் செதுக்க வேண்டி வந்தது. 1713-ம் ஆண்டில் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வைத்தபோது, அதற்கும் தமிழ் எழுத்தை ஜெர்மனியிலிருந்து வரவழைத்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரைக்காகச் செய்த எழுத்து எங்கே போனது என்று கேட்க ஆள் இல்லை.

புத்தகங்களும் அப்படித்தான். உப்புக் காற்றும் கரையானும் சண்டைகளும் இங்கே இருந்த பிரதிகளைத் தின்றுவிட்டன. கடல் கடந்து போன சில பிரதிகள் மட்டும் பிழைத்தன. தம்பிரான் வணக்கம் அமெரிக்காவில், ஹார்வார்டு பல்கலைக் கழக நூலகத்தில் இருக்கிறது. 1580-ம் ஆண்டுப் புத்தகம் இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நகரில் இருக்கிறது. அடியார் வரலாறு ரோமாபுரியில், வத்திக்கான் நூலகத்தில் கிடைத்தது. தனிநாயக அடிகள் போன்றவர்களின் எழுத்தால் 1950-களில் தமிழ் மக்களுக்கு இந்தச் செய்தி தெரிய வந்தது.

1967-ம் ஆண்டில் இராசமாணிக்கம் அடிகள் அடியார் வரலாற்றை மறுபடியும் பதிப்பித்தார். 381 ஆண்டுகளுக்குப் பின் வந்த அந்தப் பதிப்பை வெளியிட்ட ஊர் எது தெரியுமா? தூத்துக்குடி!

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்று போனது. பாரில் சிப்பி அற்றுவிட்டது. கல்லைக் கட்டிக் கொண்டு கடலில் குதித்தவர்களின் பெயர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆனால் அவர்கள் கொடுத்த 400 குருசாடோ வீண் போகவில்லை.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒவ்வொரு குழந்தையின் பாடப் புத்தகத்துக்கும் முன்னோடி, அந்தப் பணமும் அண்டிரிக் அடிகளாரின் உழைப்பும் சேர்ந்து பெற்ற அந்தப் பதினாறு பக்கங்களே.